படத்துக்குப் பொருந்திய முகம்

நாற்காலியைக் கொஞ்சம் சன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், நீதிபதி ஐயா. இப்போது உட்கார்ந்திருக்கிற கோணத்தில் உங்கள் மூக்கு முகத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. மாட்ரிட்டில் மூக்கு ஒழுங்காக அமைந்தவர்கள் மிகக் குறைவு. அரண்மனையில் அதைவிடக் குறைவு. ஆம், இப்போது பரவாயில்லை.

வதைக்கிற கயிறு, திருகு எதையும் மேலே கொண்டுவரச் சொல்லாதீர்கள். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். உங்கள் எழுத்தர் மட்டும் என் பேச்சின் வேகத்துக்கு எழுதுவாரா என்று சந்தேகமாக இருக்கிறது. பேனாவை மண்வெட்டி பிடிப்பது போலப் பிடித்திருக்கிறார்.

தாதி பிரிகிடாவைக் கீழே அடைத்து வைத்திருக்கிறீர்களாம். குவளையைக் கையில் எடுத்துப் போனவள் அவள், அதனால் அதில் நஞ்சைக் கலந்தவளும் அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் ஆட்கள் முடிவுகட்டிவிட்டார்கள். உங்கள் ஆட்களைப் பார்த்தபிறகு எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பிரிகிடா சூப் வைத்தால் உப்புப் போட மறந்துவிடுவாள். இந்தக் காரியத்துக்குக் குளிர்காலம் முழுக்கப் பொறுமை வேண்டும். கண் வேண்டும். கை நடுங்கக் கூடாது. அவளுக்குத் தூக்கு என்று சந்தையில் பேசிக்கொண்டதைக் கேட்டபோது எனக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பொய். எரிச்சல் வந்தது. என் வேலைக்கு இன்னொருவர் பெயரைப் போடுவதை நான் என்றைக்கும் பொறுத்துக்கொண்டதில்லை. அதனால்தான் நானாகவே நடந்து வந்தேன்.

பெயர் லாசரோ எச்சாரி. ஊர் பம்ப்லோனா. மன்னரின் ஓவியன். அப்பா சிறு நிலக்கிழார் என்று அரண்மனையில் சொல்லி வைத்திருந்தேன். அதையும் திருத்திக்கொள்ளலாம். அவர் நாவிதர். முடி வெட்டுவார், பல் பிடுங்குவார், கை நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பார். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வலிக்கும் என்று தெரிந்தே மனிதர்கள் வந்து நாற்காலியில் உட்காருவார்கள், போகும்போது நன்றியும் சொல்வார்கள்.

மாட்ரிட்டுக்கு வந்தபோது இங்கே ஓவியர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவன் மாதுளம்பழத்தை வரைந்தே கிழவனானான். இன்னொருவன் கண்ணால் பார்த்ததை அப்படியே வரைகிறவன் என்று பெயரெடுத்தவன். மருவைப் பார்த்தால் மருவை வரைவான், மாறுகண்ணைப் பார்த்தால் மாறுகண்ணை வரைவான். அதற்கு ஓவியன் எதற்கு? கண்ணாடி போதும். அவனை எல்லாரும் மெச்சினார்கள், ஆனால் தங்கள் மனைவியை வரைய என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

டோன் கில்லேன் என்று ஒரு பழைய கப்பல் தளபதி இருந்தார். கடற்சண்டையில் இடது காது போனவர். நான் அவருக்குக் காது வைத்து வரைந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன். படம் அவர் வீட்டுக் கூடத்தில் ஏறியது. சில மாதங்களில் மனிதர் அந்தப் பக்கத்து முடியை நீளமாக வளர்த்து மூடிக்கொண்டார். பிறகு சண்டைக் கதை சொல்வதை விட்டுவிட்டார். அவர் செத்தபோது கூடப்பிறந்த தங்கையே படத்தின் முன்னால் நின்று, “எங்க அண்ணனுக்கு ரெண்டு காதும் எவ்வளவு லட்சணம் பாருங்க” என்று அழுதாள். மனிதர்கள் இவ்வளவுதான். படம் எதைச் சொல்கிறதோ அதற்குள் தங்களை மடித்து வைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் போதும்.

லியோகாடியாவுக்கு நான் போதுமான அவகாசம் கொடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் வால்டெமோரால் பிரபுவின் ஒரே மகள். தாயில்லாத பெண். அப்பா செல்லம் கொடுத்து வளர்த்ததற்கு அத்தனை அடையாளமும் முகத்திலேயே இருந்தது. தொப்பி போடாமல் குதிரை ஏறி ஏறி மூக்கு முழுக்கச் செம்புள்ளிகள். கன்னத்தில் சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு. மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். ஒன்றொன்றாகப் பார்த்தால் எல்லாம் சமாளிக்கக்கூடியவை. சிரிப்புதான் கஷ்டம். அவள் சிரித்தால் பக்கத்து அறையில் வேலைக்காரர்கள் கையிலிருப்பதை வைத்துவிட்டு வந்து என்ன என்று கேட்பார்கள்.

மொந்தால்வோ டியூக்குக்கு அவளைக் கொடுக்க அரசவை முடிவு செய்தது. இத்தாலியில் ஒரு மலை, இரண்டு பள்ளத்தாக்கு, அதற்கு ஒரு டியூக். மனைவி செத்துப்போனவர். அந்தப் பள்ளத்தாக்கு வழியாக நம் படை போக வேண்டியிருந்ததால் அவர் நமக்கு வேண்டியவரானார். முதலில் படம் அனுப்ப வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

“ஓவியரே, பல்லைக் காட்டலாமா, மூடிக்கணுமா?”

“மூடிக்கொள்ளுங்கள், டோன்யா லியோகாடியா.”

“எவ்வளவு நேரம்?”

“படம் முடியும்வரை.”

“அப்படின்னா உங்க மீசைய மொதல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க. அதைப் பாத்துக்கிட்டு என்னால வாயை மூட முடியாது.”

மூலையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த பிரிகிடா சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. நாய்க்குட்டி காலைக் கடித்தால் யாராவது கோபப்படுவார்களா? இரண்டாம் தடவைக்குப் பிறகு அவளை உட்கார வைப்பதையே நிறுத்திவிட்டேன். அவள் இருந்தால் வேலை கெடுகிறது. அவளுடைய உடையை மட்டும் அனுப்பச் சொல்லி, மரப்பொம்மைக்கு மாட்டி, முகத்தை என் மனதிலிருந்து வரைந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த சிறந்த முகம் அது. பொய்யடக்கமாகப் பேசுவதற்கு இது இடமில்லை. நெற்றியிலிருந்து கன்னத்துக்கு வெளிச்சம் இறங்குகிற இடத்தில் தூரிகையின் தடமே தெரியாது. மூச்சுவிட்டால் கலைந்துவிடும் போல இருக்கும்.

பிரபுவின் கூடத்தில் திரையை விலக்கிக் காட்டினேன். லியோகாடியா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கித்தானுக்குப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“என்னம்மா தேடற?” என்றார் பிரபு.

“நான் ஒருவேளை பின்னாடி இருக்கேனோன்னு பாத்தேன்” என்றாள். “அழகாத்தான் இருக்கா. யாரு இவ? பாவம், அடிவயித்துல வலியோ என்னமோ, முகத்தை இப்படி வெச்சிருக்கா.”

“லியோ, சும்மா இரு” என்றவர் என் பக்கம் திரும்பினார். அவர் எப்போதும் என்னைத் தன் குதிரைக்காரனைக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிடுவார். “ஏம்ப்பா லாசரோ, கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சோ? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நேர்ல பாத்தா என்னப்பா சொல்றது?”

“அவர்கள் இவரைப் படத்தின் வழியாகத்தான் பார்ப்பார்கள், பிரபு. நேரில் பார்க்கும்போதும் அப்படித்தான்.”

அவருக்கு அது புரியவில்லை. அவருக்கு எதுதான் புரிந்தது? அதற்குள் லியோகாடியா என் வண்ணத் தட்டிலிருந்து ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, காவிக் கலவையில் தொட்டு, படத்தின் மூக்கில் பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டாள். “இப்பக் கொஞ்சம் நான் தெரியறேன், இல்லையா?” என்றாள். பிரிகிடா வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் நின்ற வேலைக்காரன் சிரித்தான். பிரபுவும் சிரித்தார்.

நான் துணியில் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு பொட்டாகத் துடைத்து எடுத்தேன். அவசரப்படவில்லை. அவர்கள் சிரித்து முடிக்கிறவரை எனக்கு வேலை இருந்தது.

படம் மொந்தால்வோவுக்குப் போனது. இலைகள் உதிர்கிற காலத்தில் செய்தி வந்தது. டியூக் சம்மதம், ஆனால் ஈஸ்டர் முடிந்ததும் தன் தூதரை அனுப்பிப் பெண்ணை நேரில் பார்க்கச் சொல்கிறாராம். பிரபு அரண்மனையில் என் வேலைக்கூடத்துக்குத் தானே வந்தார். அதுவரை அவர் அந்தப் படியேறியதில்லை. முகம் வெளுத்திருந்தது. நேற்று வரை ஏம்ப்பா, அன்றைக்கு மரியாதையாக டோன்.

“டோன் லாசரோ, நீங்கதான் வழி சொல்லணும். படத்தையும் இவளையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா ஊரே சிரிக்கும். மன்னரை வெச்சு ஏமாத்திட்டான்னு என் தலையில விடியும்.”

“இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும், பிரபு. படம் போய்விட்டது. முகம் இங்கேதான் இருக்கிறது.”

“முகத்தை எப்படிங்க மாத்தறது?”

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். அவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். மகளுக்கு என்ன ஆகும் என்று அப்போது அவர் கேட்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது தேவாலயத்தில் தலையை மோதிக்கொண்டு அழுகிறவர் அன்றைக்குக் கேட்டது, “ஈஸ்டருக்குள்ள முடிஞ்சிருமா?” என்பதுதான்.

அவள் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. “வாழ்நாள் பூரா அந்தப் பொண்ணு மாதிரி உம்முன்னு இருக்கணுமாப்பா நான்?” என்று கேட்டாள்.

“வந்தவங்க பாத்துட்டுப் போற வரைக்கும்தான் கண்ணு. நம்ம குடும்ப மானம்” என்று சொல்லிப் பிரபு கைக்குட்டையை எடுத்தார்.

“சரி சரி, அழாதீங்க. எனக்கு உங்க அழுகையைப் பாக்க முடியாது. தடவச் சொல்லுங்க, என்ன எழவோ.”

நான் செய்ததில் புதியது எதுவுமில்லை, ஐயா. உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பாதரசத்திலிருந்து எடுக்கிற வெள்ளைத் தூள், சொலிமான் என்பார்கள், அதைத் தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசாதவள் அரண்மனையில் யார்? அதன் மேல் ஈய வெள்ளை. வெளுப்பதற்காகச் சிவப்பு மண்குவளையை உடைத்துக் கொறிக்காத சீமாட்டி யார்? அவர்கள் ஆசைக்குச் செய்கிறார்கள், அரைகுறையாகச் செய்கிறார்கள். நான் முறையாகச் செய்தேன். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி போடச் சொன்னேன். குதிரையை ஊருக்கு அனுப்பச் சொன்னேன். சாப்பாட்டைக் குறைத்தேன். கன்னம் படத்தில் இருப்பது போல உள்வாங்க வேண்டுமே. வாராவாரம் நானே கை நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தேன். அப்பாவின் கத்தி இன்னும் என்னிடம் இருந்தது.

தெத்துப்பல்லையும் நானே பிடுங்கினேன். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓவியரே, இதைப் படத்துக்குள்ள ஒட்டிவிடுங்க. அவளுக்கும் ஒண்ணு இருக்கட்டும்” என்றாள். வாயெல்லாம் ரத்தம், அப்போதும் கேலி. அதற்குப் பிறகு கேலி குறைந்தது.

குளிர்காலம் பாதி போவதற்குள் புள்ளிகள் மங்கிவிட்டன. தோல் உரிந்து உரிந்து புதிதாக வந்தது. தழும்பு தெரியாதபடி பூசப் பழகிவிட்டேன். கன்ன எலும்பு மெல்ல மேலே வந்தது. அதைப் பார்த்த காலை நேரத்தில் எனக்கு இருந்த மகிழ்ச்சியை உங்களுக்குச் சொன்னால் விளங்காது. கித்தானில் நான் யோசித்து வைத்த நிழல், சதையில் தானாக விழுந்தது.

பிரிகிடா ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்தாள்.

“ஐயா, போதும்யா. குழந்தைக்கு ஈறெல்லாம் கறுத்துப்போச்சு. கையில கரண்டி நிக்க மாட்டேங்குது. தலைமுடி சீப்போட வருது.”

“நீ படத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா?”

“பாத்தேன்.”

“அதில் ஈறு தெரிகிறதா?”

“நீங்க ஒரு பொண்ணு பெத்திருந்தா தெரியும்” என்றாள். இதுதான் இவர்களுடைய வாதம். பதில் தெரியாதபோது குழந்தை குட்டியை இழுப்பார்கள்.

அடுத்த வாரமே முகத்தில் வித்தியாசம் தெரிந்தது. ரத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. நான் போனதும் பிரிகிடா பூச்சையெல்லாம் பாலில் துடைத்து எடுத்துவிடுகிறாள் என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பிரபுவிடம் சொன்னேன். அவர் அவளைச் சமையலறைக்கு அனுப்பினார். அதன்பிறகு காவலும் என் கையில். காலையில் நான் பூசி, காய்கிறவரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். லியோகாடியா கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். பேசுவதில்லை. உட்கார வேண்டிய விதத்தில் உட்காரக் கற்றுக்கொள்ள அவளுக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

ஈஸ்டருக்குப் பிறகு தூதர் வந்தார். ஆஸ்கானியோ என்று பெயர். குட்டை மனிதர், சட்டையில் சாஸ் கறை. கூடத்தில் மெழுகுவத்திகளை நான் சொன்ன இடத்தில் வைத்திருந்தார்கள், சன்னல்கள் மூடியிருந்தன. அவள் நடந்து வந்தாள். படம் நடந்து வருவது போலத்தான் இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் மூச்சை இழுத்தார்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன்.

தூதர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ கேட்டார், அவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். பிறகு அவர் எழுந்து பணிவாகத் தலை குனிந்தபோது அவருடைய பொய்முடி நழுவிக் கண்ணை மறைத்தது. அவர் இரண்டு கையாலும் காற்றைத் துழாவினார்.

“பயப்படாதீங்க, இந்த ஊட்ல எல்லாருக்குமே அப்படித்தான். இருட்டுலதான் வாழறோம்” என்றாள் அவள். முகத்துப் பூச்சில் மெல்லிய விரிசல் விழுந்தது. தூதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் என்னைப் பார்க்க வேலைக்கூடத்துக்கு வந்தார். கூடவே ஒரு ஆள் நீளமான சுருள் ஒன்றைத் தூக்கி வந்தான்.

“ஓவியரே, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். “உங்க படத்தைத் திருப்பிக் கொண்டு வந்துட்டேன். டியூக் கொடுத்துடச் சொன்னார்.”

“பெண் பிடிக்கவில்லையா?”

“பொண்ணா? நல்லாச் சொன்னீங்க. பொண்ணைத்தான் வேணும்ங்கறார். அவருக்கு மூணு குழந்தைங்க, அம்மா போனதுலேர்ந்து வீடே எழவு வீடா கெடக்கு. இந்தப் பொண்ணு ஆத்துல குதிரையோட விழுந்துட்டு, சேத்தோட எழுந்து சிரிச்சுதாமே? அந்தக் கதைய யாரோ போய்ச் சொன்னாங்க. அதைக் கேட்டுத்தான் மனுஷன் சம்மதிச்சார். உங்க படத்தைச் சாப்பாட்டு அறையில மாட்டினோம். கடைசிக் குழந்தை சோத்தைத் தின்ன மாட்டேன்னு அழுதுச்சு.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பூச்சையெல்லாம் இன்னியோட நிறுத்திடுங்க. பொண்ணு உடம்பு சரியில்லைன்னு எனக்கே தெரியுது. ஒரு மாசம் வெயில்ல இருக்கட்டும், நல்லாச் சாப்பிடட்டும், அப்பறம் கூட்டிட்டுப் போறேன். படம் வேணும்னா எங்க ஊர்லயே ஒருத்தர் இருக்கார். நாய், குதிரையெல்லாம் அச்சா வரைவார். அவரே இவங்களையும் இருக்கற மாதிரி வரைஞ்சுடட்டும்.”

அவர் போனதும் சுருளைப் பிரித்துச் சுவரில் சாய்த்துப் பார்த்தேன். பயணத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஓர் ஓரத்தில் மட்டும் குழந்தை விரல் பட்ட எண்ணெய்க் கறை.

இங்கே உங்கள் எழுத்தர் கவனமாக எழுத வேண்டும். தூதர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு இனி எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று தெரிந்தது. அவள் அப்படியே விடப்பட்டால் பிழைத்திருப்பாள். புள்ளிகள் திரும்பி வந்திருக்கும். அவள் மொந்தால்வோவில் போய்ச் சிரித்துக்கொண்டு, நாய் வரைகிற ஒருவன் முன்னால் பல்லைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டோம் என்று நினைப்பார்கள். நான் ஒரு குளிர்காலம் முழுவதும் பாடுபட்டு வெளியே கொண்டுவந்தது ஒரு மாத வெயிலில் போய்விடும். இதை எந்த மனிதன் பொறுப்பான்?

இரண்டு நாள் கழித்துப் பிரபு வீட்டுக்குப் போனேன். கறுப்புத் துணிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். பிரிகிடா மேலே வந்துவிட்டிருந்தாள். முன்னறையில் சாக்லேட் காய்ச்சிக்கொண்டிருந்தாள், பட்டையும் மிளகாயும் தட்டிப் போட்டு. உடம்பு தேறுவதற்கு என்று ஒரு பொடி கொண்டு வந்திருப்பதாகச் சொன்னேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

“இனிமே ஒண்ணும் கிடையாதுன்னாங்களே.”

“இது பூசுவதில்லை. பலத்துக்கு.”

அவள் சர்க்கரை எடுக்கத் திரும்பியபோது போட்டுக் கலக்கினேன். சொலிமான்தான். குவளையை அவள் எடுத்துப் போனாள். நான் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன்.

லியோகாடியா சன்னல் ஓரமாக வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கழுவிய முகம். பார்க்கச் சகிக்கவில்லை. அங்கங்கே சிவந்து, உரிந்து, படத்துக்கும் பழைய முகத்துக்கும் நடுவே எங்கேயோ நின்றுபோன முகம். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“என்னது இது, செப்புக் கம்பியை நக்கின மாதிரி இருக்கு?”

“மருந்து அப்படித்தான் இருக்கும். குடித்துவிடுங்கள், டோன்யா.”

“உங்களுக்காக இல்ல, ஓவியரே. குதிரையை வரச் சொல்லியிருக்காங்க. ஏறி உக்கார காலுல தெம்பு வேணும்” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும் பாவம், எவ்வளவு உழைச்சிட்டீங்க. கோபமெல்லாம் இல்ல. போயிட்டு வாங்க” என்றாள்.

அவள் அதற்குப் பிறகு சில நாள் இருந்தாள். சுலபமாக இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

உடலைக் கூடத்தில் வைத்தபோதுதான் போனேன். முகத்துக்குப் பூச்சு வேண்டும் என்று பிரபு ஆள் அனுப்பியிருந்தார், கடைசியாக என்னையே செய்யச் சொல்லி. மெல்லியதாக ஒரே பூச்சு. அதற்கு மேல் தேவைப்படவில்லை. தலைமாட்டில் என் படத்தை மாட்டியிருந்தார்கள். வரிசையாக வந்தவர்கள் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். “அச்சு அசல்” என்று ஒரு சீமாட்டி தன் மகளிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் அதுதான். ஆமாம், கொன்றேன். ஆனால் என்னைத் தவிர மாட்ரிட்டில் யாரும் அந்தப் பெண்ணுக்காக இவ்வளவு உழைக்கவில்லை. அவள் அப்பா உட்பட.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினோம். இன்றைக்கு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதை வேறு விதமாக எழுதிவிடக் கூடும்.

நான் சொன்னதைக் கேட்டதும் பிரபு படத்தைக் கழற்றி முற்றத்தில் போட்டுக் கொளுத்திவிட்டதாக நேற்று மாலை வந்து சொன்னீர்கள். அது காட்டுமிராண்டித்தனம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது அவரிடம் மகளின் முகம் என்று எதுவும் இல்லை, வேறு யாரும் அவளை வரைந்ததில்லை, அதனால் நான் கரியில் ஒன்று வரைந்து கொடுத்தால் பிரபு வாங்கிக்கொள்வார் என்றீர்கள். அவள் இருந்தபடியே, குளிர்காலத்துக்கு முன்னால் இருந்தபடியே. கொலைகாரன் கையால் வரைந்தது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே அவர் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒத்துக்கொண்டேன். நான் ஒருமுறை பார்த்த முகத்தை மறப்பவன் இல்லை. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

காலையில் தாளும் கரியும் வந்தன. வரைந்து முடித்தேன். பிரிகிடாவை அழைத்து வந்து காட்டினீர்கள். விடுதலையானவள், முகம் கழுவக்கூட இல்லை. தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“இது அந்தப் படம்” என்றாள். “என் குழந்தை எங்க?”

இன்னொரு தாள் எடுத்தேன். புள்ளிகள் வைத்தேன், தழும்பு வைத்தேன், தெத்துப்பல்லும் வைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். “அதே பொம்பளைதான். மூஞ்சியில பொட்டு வெச்சிருக்கீங்க.” வாயைச் சிரிக்கிற மாதிரி மாற்றினேன். அவள் அழ ஆரம்பித்தாள், இது யார் சிரிப்பு என்று கேட்டு. பிறகு அவளை வெளியே கூட்டிப் போய்விட்டீர்கள்.

நீங்கள் இப்போது என்னை அப்படிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இத்தனை தாள்கள் கிழிந்து கிடப்பதைப் பார்த்து ஏதாவது முடிவுகட்டாதீர்கள். எனக்கு அவள் முகம் நன்றாக நினைவிருக்கிறது, ஐயா. இந்தக் கரிதான் சரியில்லை. வேறு கரி கொண்டுவரச் சொல்லுங்கள்.